கறள் இல்லாத கபின் எங்கே கிடைக்கும்? பழைய பிக்கப் வண்டியைத் திருத்த நினைப்பவர்களுக்கு

கனடாவின் வீதிகளில் ஆண்டுக்குச் சராசரியாக 50 இலட்சம் தொன் உப்புக் கொட்டப்படுகிறது. அதில் பெரும்பங்கு ஒன்ராறியோவுக்கும் கியூபெக்குக்கும் உரியது. ஹியூரன் ஏரிக்கரையில் உள்ள கோடரிச் என்ற சிறுநகரில், ஏரிக்கு அடியில் 500 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் இயங்குகிறது. ஆனையிறவில் வெயிலில் விளையும் உப்பைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, ஏரிக்கு அடியில் உப்பை வெட்டியெடுத்து றோட்டில் எறிகிறார்கள் என்பது வந்த புதிதில் வேடிக்கையாக இருந்தது. பத்துப் பனிக்காலம் கழித்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தபோது அந்த வேடிக்கை போய்விட்டது.

எங்கள் வீட்டில் இருப்பது 1970ஆம் ஆண்டுச் செவர்லே சி-10 பிக்கப். அப்பா அதை 1989இல் பழசாகத்தான் வாங்கினார். பகலில் தொழிற்சாலை, பனிக்கால இரவுகளில் கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களில் பனி அள்ளும் வேலை. பின்பெட்டி நிறைய உப்பு மூட்டைகள் இருக்கும். அந்த வண்டியை அரித்த உப்பில் பாதி அது தானே சுமந்த உப்பு என்று சொல்லலாம். அப்பா போனபின் அதைத் திருத்தி ஓடவைக்க வேண்டும் என்று அண்ணன் தம்பிகள் முடிவெடுத்தோம். மூன்று ஆண்டுகளில் நாங்கள் கற்றுக்கொண்டதை, செய்த பிழைகளோடு சேர்த்து, இங்கே எழுதுகிறோம். தகப்பன் ஓட்டிய பழைய வண்டியொன்று வீட்டுக்குப் பின்னால் நிற்கிற வேறு குடும்பங்களும் இருக்கும் என்பதால் இது பயன்படக்கூடும்.

திருத்துவதா, மாற்றுவதா?

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே, ஜிஎம்சி பிக்கப் வண்டிகள் ஒரே கபினைக் கொண்டவை. எங்களுக்குப் பக்கத்தில் ஒஷாவாவிலும் இவற்றைப் பொருத்தினார்கள். இன்றும் உதிரிப்பாகங்கள் தாராளமாகக் கிடைப்பதால் பழகுவதற்கு நல்ல வண்டி. ஆனால் இந்தக் கபின் கறள் பிடிக்கவென்றே செய்ததுபோல இருக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் துவாரங்கள் இருக்கின்றன. இலை, சருகு, மண் எல்லாம் அதற்குள் விழுந்து, கால் வைக்கும் இடத்தின் இரு பக்கங்களிலும் போய்த் தங்கி, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் றொக்கர் என்னும் தகடு இரண்டு மூன்று அடுக்குகளாக ஒட்டப்பட்டது. அதற்குள் போன உப்புத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்ற் குமிழிடுவதைக் கண்கள் காணும்போது உள்ளடுக்கு போய் ஐந்தாறு வருடமாகியிருக்கும்.

கபினின் பின்மூலைகள், தரைத்தகடு, கூரையைச் சுற்றி மழைத்தண்ணி ஓடும் பீலி, முன்கண்ணாடி றப்பருக்குக் கீழே உள்ள விளிம்பு, இவையும் அப்படித்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கபினைச் செசியோடு பிணைக்கும் முன் தாங்கிகள். அவை இற்றுப்போனால் கபின் முன்பக்கமாக அமர்ந்துவிடும். கதவைச் சாத்தும்போது மேலே இடைவெளி கூடியும் கீழே குறைந்தும் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

றொக்கர், மூலை, தரைத்தகடு என்று ஒவ்வொன்றும் புதிதாக அச்சடித்து விற்கப்படுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்தால் விலை பெரிதில்லை. அந்தக் கணக்கில்தான் நாங்களும் ஏமாந்தோம். இடப்பக்க மூலையையும் றொக்கரையும் வெட்டி மாற்ற இரண்டு பேருக்கு ஐந்து சனிக்கிழமை போனது. வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் நல்ல இரும்பு இருந்தால்தானே ஒட்டலாம்? ஒட்டப் போனால் பக்கத்துத் தகடும் கடதாசிபோல எரிந்து ஓட்டை விழும். அதை வெட்டினால் அடுத்தது. கராஜில் கொடுத்துச் செய்விப்பவர்களுக்கு இது மணிக்கணக்கில் கூலி.

எங்கள் அனுபவத்தில் எல்லைக்கோடு இதுதான்: கறள் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் இருந்தால் தகடு மாற்றுங்கள். முன் தாங்கி, றொக்கர், முன்கண்ணாடி விளிம்பு மூன்றும் சேர்ந்து போயிருந்தால் கபினையே மாற்றுங்கள். செசியும் போயிருந்தால், முழு வண்டியாக வேறொன்றைத் தேடுங்கள். செசித் தண்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டு போனால், நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். இற்ற இடம் மந்தமாக ஒலித்து அடுக்கடுக்காக உதிரும். ஸ்ரியரிங் பெட்டி பூட்டப்பட்டிருக்கும் இடத்திலும் பின் அச்சைப் பிடித்திருக்கும் இடத்திலும் அப்படி உதிர்ந்தால், வண்டியை ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எங்கே தேடுவது?

இரும்பு கறள் பிடிக்க ஒட்சிசனும் தண்ணீரும் வேண்டும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 60 வீதத்துக்கு மேலே போகும்போதுதான் அது வேகம் பிடிக்கிறது. மேலே உப்புப் படிந்திருந்தால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே தொடங்கிவிடும், ஏனென்றால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். இதிலிருந்தே தேட வேண்டிய இடங்கள் தெரியும். அரிசோனா, நியூ மெக்சிக்கோ, நெவாடா, மேற்கு டெக்சாஸ், கலிபோர்னியாவின் உட்பகுதி. கனடாவுக்குள் என்றால் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒக்கனாகன் பள்ளத்தாக்கும் அல்பேர்ட்டாவின் தென்பகுதியும்.

அல்பேர்ட்டா பனிக்குளிர் நாடாயிற்றே என்று சிலர் யோசிப்பார்கள். சாதாரண உப்பு ஏறத்தாழ மறை 10 பாகைக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. அதனால் கடுங்குளிர்ப் பகுதிகளில் மணலையும் சிறுகல்லையும் கூடுதலாகப் போடுகிறார்கள். மூடி வைத்த வீதிகளும் வறண்ட காற்றும் சேர்ந்து, பண்ணை வண்டிகள் நன்றாகத் தப்பியிருக்கின்றன. ஆனால் நகரத்தில் ஓடிய வண்டியையும் பண்ணையில் நின்ற வண்டியையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. பண்ணை வண்டியிலும் பின்பெட்டியைத் தனியாகப் பார்க்க வேண்டும். பசளையும் மாட்டெருவும் ஏற்றிய பெட்டிக்கு உப்பே தேவையில்லை.

தெற்கிலிருந்து வந்தது என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள். புளோரிடாவும் கலிபோர்னியாவின் கடற்கரையும் தெற்குத்தான், மேற்குத்தான், ஆனால் அங்கே கடற்காற்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கரையோரம் நின்ற ஏ-40 கார்களின் மட்காட்டுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தக் கார்களைப் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகளுக்கு, தகரவேலையும் பழக்கந்தான். இங்கே எங்களுக்கு உபதேசம் செய்ய வந்த பெரியவர்கள் பலர் அந்தக் கைக்காரர்கள்.

பாலைவன வண்டிக்கும் அதன் வியாதி உண்டு. வெயில் றப்பரை வெடிக்கவைக்கும். டாஷ்போட் பிளக்கும், சீற் துணி மாவாக உதிரும், கூரையின் பெயின்ற் முழுக்கப் போய் மேலே மெல்லிய செம்மண் நிறம் படிந்திருக்கும். அந்த நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது மேற்பரப்புக் கறள், விரலால் தேய்த்தால் வரும், இரும்பைத் தின்னாது. பயப்பட வேண்டியது காற்றுத் துவாரத்துக்குள் எலி கட்டிய கூட்டுக்கு. எலியின் மூத்திரம் உப்புத் தண்ணிக்குச் சளைத்ததல்ல.

ஐரோப்பாவில் உள்ளவர்களுக்கும் கதை ஏறத்தாழ இதேதான். பிரித்தானியாவிலும் உப்புப் போடுகிறார்கள், அங்கே பழைய மொறிஸ் மைனர் பிக்கப்பும் பெட்ஃபோர்ட் லொறியும் திருத்துபவர்கள் அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா போன்ற வறண்ட, வலப்பக்க ஸ்ரியரிங் நாடுகளில் தேடுகிறார்கள். மொறிஸ் மைனருக்கான புதுத் தகடுகள் ஒருகாலத்தில் இலங்கையிலேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

எந்த ஆண்டு எதற்குப் பொருந்தும்?

ஆறு ஆண்டும் ஒரே கபின் என்றோம். முழுக்க அப்படியல்ல. சிறிய பின்கண்ணாடி 1967இல் மட்டும் வந்தது. பக்க விளக்குகள் 1968இல் வந்தன, ஆகவே 1967 மட்காட்டில் அதற்கான துவாரம் இருக்காது. 1969இல் பொனற்றின் முகம் மாறியது. 1971இல் முன்பக்கத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது, சில்லைப் பூட்டும் ஆறு நட்டு ஐந்தானது. பெற்றோல் தாங்கி இந்த ஆறு ஆண்டும் கபினுக்குள், சீற்றுக்குப் பின்னால்தான் இருக்கும். 1973இல் எல்லாமே மாறிவிட்டது, அந்தக் கபினை மலிவாகத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வாங்க வேண்டாம்.

இன்னும் இரண்டு விசயம் யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். முதலாவது, ஏசி. அரிசோனா வண்டிகளில் கொம்பனியிலேயே ஏசி பூட்டி வந்தவை அதிகம். அவற்றில் எஞ்சினுக்கும் கபினுக்கும் இடையிலுள்ள சுவர்த்தகட்டின் துவாரம் வேறு. ஒன்ராறியோ வண்டியின் ஹீற்றர் பெட்டி அதில் உட்காராது, உட்பக்க மட்காட்டும் வித்தியாசம். இரண்டாவது, தரையின் நடுமேடு. நாலு கியர் மனுவல் வண்டிக்கும் நாலு சில்லும் இழுக்கும் வண்டிக்கும் உயர்ந்த மேடு, மற்றவைக்குத் தாழ்ந்தது. இரண்டையும் படத்தில் பார்த்து உறுதிப்படுத்திவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

கறள் இல்லை என்று சொன்னால்

இதை நாங்கள் நீட்டித்தான் எழுதப்போகிறோம், ஏனென்றால் எங்கள் காசு போனது இங்கேதான்.

முதல் கபினைத் தென்மேற்கு ஒன்ராறியோவில் ஒருவரிடம் வாங்கினோம். டெக்சாசிலிருந்து கொண்டுவந்தது, கறளே இல்லை என்றார். பளபளவென்று சாம்பல் நிறப் பிரைமர் அடித்து, கீழே கறுப்பு நிறத்தில் புதிதாகத் தார்ப்பூச்சு. படத்தில் அழகாக இருந்தது. மாலை நேரம், மழைத்தூறல், எங்களுக்கும் அவசரம். தம்பி மட்டும், "அண்ணை, ஏன் அடியில மட்டும் புதுசா அடிச்சிருக்கினம்?" என்று கேட்டான். நாங்கள் அதைக் காதில் போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாம் நாள் கம்பித் தூரிகை போட்டதும், பின்மூலையில் ஒரு விரல் மொத்தத்துக்குப் பட்டி கழன்று விழுந்தது. அதற்குள் கண்ணாடி இழையும் கசங்கிய பத்திரிகைக் கடதாசியும். அந்தக் கபின் எங்கள் பழைய கபினைவிட மோசம்.

அன்றிலிருந்து நாங்கள் பின்பற்றுவது இதுதான். நேரே போக முடியாவிட்டால் விற்பவரிடம் குறிப்பிட்ட படங்களைக் கேளுங்கள்: கால்மிதியைத் தூக்கிவிட்டு எடுத்த தரை, கீழே படுத்துக்கொண்டு எடுத்த முன் தாங்கிகள், கதவைத் திறந்து எடுத்த றொக்கரின் உட்பக்கம், கூரைப் பீலி முழு நீளத்துக்கும். வண்டி நனைந்திருக்கும் படம் வேண்டாம், ஈரம் எல்லாக் குறையையும் மறைக்கும். கேட்ட படத்தைத் தராமல் வேறு படம் பத்து அனுப்புபவரை விட்டுவிடுங்கள். அவர் கள்ளன் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். ஆனால் காசு உங்களுடையது.

நேரே போகும்போது சட்டைப்பைக்குள் ஒரு சிறு காந்தம், துணியில் சுற்றியது. இரும்பில் அது இழுத்துப் பிடிக்கும், பட்டிக்கு மேலே வழுக்கும். மூலைகளிலும் சில்லு வளைவுகளிலும் கதவின் அடிவிளிம்பிலும் வைத்துப் பார்க்க வேண்டும். காந்தம் பலமானதாக இருந்தால் மெல்லிய பட்டிக்கு மேலாகவும் பிடித்து ஏமாற்றும், ஆகவே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் வகை போதும். பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. கொம்பனிப் பெயின்ற் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரை இருக்கும். 300ஐத் தாண்டினால் திரும்ப அடித்திருக்கிறார்கள். அளவு ஆயிரக்கணக்கில் போனால் கீழே பட்டிதான்.

கைபேசியில் பூட்டக்கூடிய சிறு கமராக் குழாய் மலிவாகக் கிடைக்கிறது. றொக்கரின் துவாரம் வழியாக அதை உள்ளே விட்டுப் பார்த்தால் விற்பவர் சொல்லாததையும் அது சொல்லும். உள்ளே செம்மண் தூசு காய்ந்து கிடந்தால் நல்ல அடையாளம். கறுப்புச் சேறும் செதில் செதிலாக உரிந்த இரும்பும் கிடந்தால் திரும்பி வந்துவிடலாம். அடிப்பக்கம் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு இருந்தால், கேள்வி கேட்க வேண்டும். பழைய, புழுதி பிடித்த, அழகில்லாத அடிப்பக்கமே நல்லது. அழுக்கை யாரும் போலியாகப் பூசுவதில்லை.

கதவைப் பாதி திறந்து நுனியில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு மட்டும் ஆடினால் பிணைச்சல் தேய்ந்திருக்கிறது, அது சின்ன விசயம். பிணைச்சலோடு தூணும் அசைந்தால், தூணின் அடி இற்றுவிட்டது. ஸ்குரூட்ரைவரால் குத்திப் பார்ப்பதற்கு முதல் மட்டும் உரிமையாளரிடம் கேளுங்கள். கேட்டுப் பார்ப்பதே ஒரு சோதனைதான், நல்ல இரும்பு வைத்திருப்பவர் "தாராளமாய்க் குத்து" என்பார்.

இலக்கத் தகடு யாருடையது?

கபின் மாற்றுபவர்கள் பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. இந்தச் செவர்லே வண்டிகளில் அடையாள இலக்கத் தகடு சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஆணி அறைந்து பூட்டப்பட்டிருக்கும். அதாவது, கபினில். செசியின் வலப்பக்கத் தண்டின் மேற்புறத்திலும் இலக்கம் குத்தப்பட்டிருக்கும், கறளையும் பெயின்றையும் சுரண்டினால் தெரியும். ஆகவே வேறு கபினை உங்கள் செசியில் தூக்கி வைத்தால், கபின் ஒரு இலக்கமும் செசி இன்னொரு இலக்கமும் சொல்லும். பதிவுப் பத்திரம் எந்த வண்டிக்கு?

பழைய தகட்டைக் கழற்றிப் புதுக் கபினில் அறைந்துவிட்டால் முடிந்தது என்று கராஜ்களில் சாதாரணமாகச் சொல்வார்கள். கனடாவின் குற்றவியல் சட்டத்தின் 353.1ஆம் பிரிவின்படி, சட்டபூர்வமான காரணமில்லாமல் வாகன அடையாள இலக்கத்தை மாற்றுவதோ அகற்றுவதோ அழிப்பதோ குற்றம். நேர்மையான திருத்தவேலைக்குச் சட்டத்தில் இடமுண்டுதான், ஆனால் அதை நீங்கள்தான் பற்றுச்சீட்டோடும் படத்தோடும் காட்ட வேண்டி வரும். அகதியாக வந்து, பத்திரம் ஒன்றில் ஒரு எழுத்து மாறியதற்கே ஆண்டுக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் எங்களுடையவை. ஒரு பழைய லொறிக்காக அந்த வாசலுக்கு மறுபடி போக வேண்டாம். எதையும் கழற்றுவதற்கு முன்பே படமெடுத்து, பற்றுச்சீட்டுகளை வைத்து, பதிவு அலுவலகத்திலும் பொலிசிலும் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வாங்கும் கபினின் இலக்கத்தையும் பாருங்கள். தகடு இல்லாத கபினை, தகடு இருந்த இடத்தில் புதிய ஆணி தெரியும் கபினை, வாங்காதீர்கள். களவு போன வாகனமா என்று கனடியப் பொலிஸ் தகவல் மையத்தின் பொதுத் தேடலில் பார்க்கலாம். இலக்கத்தைக் கொடுத்தால் வண்டியின் சரித்திரம் தரும் கட்டணச் சேவைகள் இதற்கு உதவாது. 17 எழுத்துகள் கொண்ட இலக்க முறை 1981இல்தான் வந்தது, அதற்கு முந்திய குறுகிய இலக்கங்களை அவை ஏற்பதில்லை.

இதையெல்லாம் யோசித்துத்தான் நாங்கள் கபினைத் தேடுவதை விட்டுவிட்டு, பத்திரத்தோடு முழு வண்டியைத் தேடத் தொடங்கினோம். அல்பேர்ட்டாவின் லெத்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் 1969ஆம் ஆண்டு சி-10 ஒன்று கிடைத்தது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது, பின்பெட்டியின் மரப்பலகை உக்கியிருந்தது, ஆனால் செசியும் கபினும் சுத்தம். முகம் எங்கள் 1970இன் முகத்தோடு பொருந்தும். எல்லை கடக்கவும் தேவையில்லை. செலவும் இரண்டாவது கபினுக்கு ஒதுக்கியிருந்த காசோடு ஏறத்தாழ முடிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில்தான் சண்டை. அல்பேர்ட்டா வண்டியின் இலக்கத்தில், அல்பேர்ட்டா வண்டியின் செசியில், அல்பேர்ட்டா வண்டியின் கபினில் ஓடினால் அது அப்பாவின் வண்டியா? பெரியண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாத்தையும் மாத்திப்போட்டு அப்பாவின்ர வண்டி எண்டு ஆருக்குச் சொல்லப்போறியள்?" என்றார். நியாயமான கேள்வி. இரண்டு மாதம் வேலை நின்றது. கடைசியில் அம்மாதான், "அவர் பிடிச்ச ஸ்ரியரிங்கும் அந்தச் சத்தமும் இருந்தாக் காணும்" என்றார். சத்தம் என்று அவர் சொன்னது எஞ்சினை. 250 கன அங்குல, ஆறு சிலிண்டர் எஞ்சின். அது பழைய வண்டியில் பழுதில்லாமல் இருந்தது. அதுவும் ஸ்ரியரிங் வளையமும் சீற்றின் இரும்புச் சட்டமும் பின்கதவும் புது வண்டிக்கு வருகின்றன. கைப்பெட்டி மூடியின் உட்பக்கத்தில் வண்டியின் கொம்பனி விபரங்கள் அச்சடித்த கடதாசி ஒட்டியிருக்கும். அதை வண்டியில் மாற்றி ஒட்டினால் நாளை வாங்குபவருக்குப் பொய் சொன்னதாகும். ஆகவே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டோம்.

எல்லை கடந்து கொண்டுவருவதானால்

அமெரிக்காவிலிருந்து முழு வண்டி கொண்டுவருபவர்கள் அறிய வேண்டியது இது. வண்டியின் உரிமைப் பத்திரத்தை, தரைவழி எல்லையில் வண்டி வருவதற்குக் குறைந்தது 72 மணித்தியாலங்களுக்கு முன் அமெரிக்கச் சுங்கத்திடம் கொடுக்க வேண்டும். பத்திரம் இல்லாமல் விற்பனைச் சீட்டு மட்டும் தருகிறேன் என்பவரிடம் இதற்காகவே வாங்க முடியாது. 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களுக்குக் கனடாவின் இறக்குமதி வாகனப் பதிவகத்தின் பரிசோதனைத் திட்டம் பொருந்தாது, சுங்கத்தில் வாகன இறக்குமதிப் படிவம் மட்டும் நிரப்ப வேண்டும். வரி தீர்வைகள் அண்மைக்காலத்தில் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே காசு கொடுப்பதற்கு முதல் நாள் கேட்பதே சரி. தனிக் கபின் உதிரிப்பாகமாகக் கணக்கிடப்படும். இரண்டுக்குமே ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவிவிட்டு எல்லைக்கு வாருங்கள்.

பீனிக்சிலிருந்து ரொறன்ரோவுக்கு றோட்டால் ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர். லெத்பிரிட்ஜிலிருந்தும் தூரம் பெரிதாகக் குறையாது. ஏற்றுகூலியை விலையோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். நாங்கள் மே மாதத்தில் ஏற்றுவித்தோம். பனிக்காலத்தில் திறந்த றெயிலரில் ஏற்றினால், ஐம்பது வருடம் உப்புக் காணாத வண்டி இரண்டு நாளில் எல்லாவற்றையும் கண்டுவிடும்.

கொண்டுவந்த பிறகு

கபினைத் தூக்கும்போது இரு கதவு வாசல்களுக்கும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்டிவிட்டுத்தான் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசல் சதுரம் குலைந்து கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது. பெயின்ற் கழற்றுவதற்கு மணல் வீச்சுக்குக் கொடுப்பவர்கள், கூரை, கதவு போன்ற பரந்த தகடுகளில் அதைச் செய்ய விடாதீர்கள். தகடு நெளிந்துவிடும்.

இரும்பு வெளித்தெரிந்த அன்றே எபொக்சிப் பிரைமர் அடியுங்கள். சாதாரணப் பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். ஒன்ராறியோவின் யூலை மாத ஈரக்காற்றில், வெறும் இரும்பு ஒரு கிழமைக்குள் சிவக்கும். பெயின்ற் முடிந்தபின் றொக்கருக்குள்ளும் மூலைகளுக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் மெழுகோ எண்ணெயோ பாய்ச்ச வேண்டும், அதுவும் ஒருமுறையல்ல, ஆண்டுதோறும். அடியில் உள்ள வடிகால் துவாரங்களைப் பெயின்றோ பட்டியோ அடைத்துவிட்டதா என்று ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். காற்றுத் துவாரத்துக்கு மேலே மெல்லிய கம்பிவலை வைத்தால் இலை போகாது. வெப்பமான கராஜில் உப்போடு வண்டியைக் கொண்டுவந்து விடுவது, வெளியே குளிரில் விடுவதைவிடக் கேடு. சூட்டில் கறள் வேகமாகப் பிடிக்கும்.

ஒன்ராறியோவில் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பெரிதாக மாற்றம் செய்யாத வாகனத்துக்கு வரலாற்று வாகனத் தகடு எடுக்கலாம். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கும் திருத்தக் கொண்டுபோவதற்கும் மட்டுந்தான் அதில் ஓட்டலாம். அன்றாடம் கடைக்குப் போக வேண்டுமென்றால் பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்துச் சாதாரணத் தகடுதான்.

எங்கள் வண்டிக்கு இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை. எஞ்சின் போன மாதம் புதுச் செசியில் ஏறியது. பழைய கபின் வளவின் மூலையில் நிற்கிறது, அதன் இலக்கத் தகடு கழற்றாமல் அப்படியே இருக்கிறது. அதைப் பழைய இரும்புக்குக் கொடுக்கும் நாளைப் பெரியண்ணை தள்ளிக்கொண்டே போகிறார், நாங்களும் கேட்பதில்லை.